வடசென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்கு: வேனில் தங்கி இயற்கைக் குறிப்பேடு எழுத ஒரு வழிகாட்டி

வேனிலேயே படுத்துத் தூங்கி, விடிந்ததும் மலைக்காட்டு ஓரமாக உட்கார்ந்து நோட்டில் எழுதவும் வரையவும் ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது ‘எந்த வண்டி வாங்கலாம்?’ என்றுதான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பறவைகள் அதிகம் கத்தும் காலை ஆறு மணிக்கும், வெளிச்சம் இறங்கும் மாலை ஆறு மணிக்கும் நாம் காட்டின் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்டி அதற்குத்தான். லாட்ஜில் ரூம் போட்டால் காபி, குளியல், டிபன் எல்லாம் முடிந்து கிளம்பும்போது மணி ஒன்பதாகிவிடும். அந்த மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதற்கு மேல் வேனுக்கு வேலை இல்லை. ஃப்ரிட்ஜ், சோலார் பேனல், மர அலமாரி என்று லட்சக்கணக்கில் இறைத்துவிட்டு நோட்டில் இரண்டு பக்கம்கூட நிரப்பாதவர்கள் உண்டு.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கொடுங்கையூர் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலைக்கு உதாரணம் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அரை நாளில் போய்ச் சேரலாம், ஏலகிரி அளவுக்குக் கூட்டம் இல்லை. ஊட்டியும் கொடைக்கானலும் முதல் பயணத்துக்கு வேண்டாம். தூரம் ஒரு பக்கம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மே மாதத்திலிருந்து அங்கே இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

முதலில் நோட்டு, அதுவும் காசிமேட்டில்

மலைக்குப் போய்த்தான் நோட்டைத் திறப்பேன் என்றால் அங்கே கை ஓடாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஊரில் தொடங்குங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் நமக்குக் கிடையாது. காலையில் வலை உதறும் நேரத்தில் தலைக்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு வகை. தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. நம் வீட்டுப் பெரியவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைத்தான். முழுக்கப் பழுப்பாக இருப்பது கரும்பருந்து. வெயிலுக்கு எதிராகப் பறக்கும்போது நிறம் தெரியாது, அப்போது வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நடுவில் பிளந்திருக்கும், செம்பருந்தின் வால் நுனி வளைந்து விசிறியாக இருக்கும். இந்த இரண்டு வாலையும் நான்கைந்து கோட்டில் போடப் பழகுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. எது எது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிவிட்டால் போதும்.

இன்னொரு காலை எண்ணூர் முகத்துவாரம் போகலாம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் கொக்கும் நீர்க்காகமும் நிற்கும். பின்னால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. அதையும் சேர்த்தே வரையுங்கள். புகைபோக்கியை விட்டுவிட்டால் அது எண்ணூர் அல்ல.

நோட்டுக்குப் பெரிதாகச் செலவு வேண்டாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கோடு போடாத, 150 ஜிஎஸ்எம் தடிமனுள்ள தாள் கேளுங்கள். பென்சிலும் பேனாவும் நன்றாக ஓடும், கொஞ்சம் வாட்டர்கலர் தீட்டினாலும் பெரிதாகச் சுருங்காது. ஏ5 அளவில் வெட்டித் தைத்து, கெட்டி அட்டை போட்டுக்கொண்டால் முழங்கால்மேல் வைத்து எழுதலாம். கூடவே ஒரு 2பி பென்சில், தண்ணீர் பட்டாலும் கரையாத கறுப்புப் பேனா, பள்ளிப் பிள்ளைகளின் வாட்டர்கலர் பெட்டி, காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இரண்டு பைண்டர் கிளிப். ஸ்கேல் வேண்டாம். உங்கள் சாண் எத்தனை சென்டிமீட்டர், விரற்கடை எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். காட்டில் அதுதான் அளவுகோல்.

எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது

இணையத்தில் பார்க்கும் படங்களில் நடுக்காட்டில் வேன் நிற்கும், பக்கத்தில் கேம்ப்ஃபயர் எரியும். தமிழ்நாட்டில் அதைச் செய்தால் வழக்கு வரும். ‘காப்புக்காடு’ என்று போர்டு இருந்தால் அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இன்றும் நடைமுறையில் இருப்பவை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. இறுகியதும் சரிதான். காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும் என்றால் வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போங்கள்.

அப்போது வேனை எங்கே நிறுத்துவது? மலைக் கிராமத்தில் தனியார் தோட்டம், ஹோம்ஸ்டே வளாகம், கடைக்காரர் வீட்டுக் காலி இடம், இப்படி ஏதாவது ஒன்று. ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பக்கம் நிலத்துக்காரரிடம் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து நிறுத்துவதுதான் மரியாதை, பாதுகாப்பும் அதுதான். காட்டின் விளிம்பிலேயே பறவையும் பூச்சியும் ஏராளம்; முதல் சில பயணங்களுக்கு அந்த விளிம்பே போதும். கேட்கும்போது வெளிச்சம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். டீக்கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, ராத்திரிக்கு வண்டிய இங்க ஓரமா போட்டுக்கலாமா?”

“போட்டுக்கங்க தம்பி. அந்தப் புளியமரத்துக்கிட்ட மட்டும் வேணாம். மேல மலத்தேனு கூடு கட்டியிருக்கு. லைட்டப் போட்டீங்கன்னா எறங்கிடும்.”

அவர் சொல்வது உண்மை. மலைத்தேனீ இரவிலும் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும். வண்டியை நிறுத்துமுன் மேலே அண்ணாந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: தேன்கூடு, காய்ந்த கிளை, மின்கம்பி. அடுத்து கீழே பாருங்கள். வறண்ட ஓடையின் மணல் சமமாக, படுக்க வசதியாகத் தெரியும். மேலே எங்கோ மழை பெய்தால் அதில்தான் வெள்ளம் வரும்.

வண்டி

புதியவர்களுக்கு மாருதி ஈகோ போதும். பழைய ஆம்னியும் ஓடும். 2019இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனால் மெக்கானிக்குக்கோ பாகங்களுக்கோ இன்னும் பஞ்சமில்லை. நம் தெருக்களில் நிற்கும் குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியின் பின்பக்கத்தில் படுக்கை போடலாமே என்று நிறையப் பேருக்குத் தோன்றும். அது சரக்கு வண்டி. பின்னால் ஆள் ஏற்றிப் போவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது. தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகை பேசி எடுப்பதிலும் அதே சிக்கல் இருக்கிறது. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த வண்டியாக இருந்தாலும் கூரையை உயர்த்துவது, பாடியை வெட்டுவது எதுவும் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். கழற்றி எடுக்கக்கூடிய பலகைப் படுக்கையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

படுக்கைக்கு ஈகோவின் பின் இருக்கையை மடித்துவிட்டு, டேப் வைத்து அளந்து, 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை இரண்டு துண்டாக வெட்டி, கால் வைத்த பெட்டிகள்மேல் போடுங்கள். பெட்டிக்குள் பாத்திரமும் துணியும் போகும். உயரமானவர்கள் கோணலாகத்தான் படுக்க முடியும். இரண்டு பேருக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை, கண்ணாடிக்கு அட்டை மறைப்பு, இருபது லிட்டர் கேன் தண்ணீர், பவர் பேங்க். முடிந்தது.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அடிப்பாகம் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வண்டியை லிஃப்டில் ஏற்றி பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஊருக்குள் பாதி ஹேண்ட்பிரேக்கில் சமாளித்துவிடலாம். மலைச் சரிவில் முடியாது.

போகும் வழி

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்தவர்கள் ஊருக்குள் புகுந்து கோயம்பேட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலை வந்துவிடும். கொடுங்கையூர், மாதவரம் ஆட்களுக்குப் புழல் பைபாஸ் பக்கம். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளின் நெரிசல் கூடுவதற்குள் தாண்டிவிடலாம். அப்புறம் ராணிப்பேட்டை, வேலூர், போளூர், அங்கிருந்து ஜமுனாமரத்தூர் மலைப்பாதை. மொத்தம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர்.

மலைப்பாதையை வெளிச்சத்தில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகின வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் அடிக்கலாம். மற்ற இடத்தில் அடிக்காதீர்கள்.

காலம் என்று பார்த்தால் மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து தை முடியும் வரை நல்லது. மாசிக்கு மேல் காடு காய்ந்து தீப்பிடிக்கும் பருவம், பல இடங்களை மூடியும் விடுவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. தை மாத இரவில் சென்னைப் போர்வை போதாது.

இரவு

இந்தப் பகுதியில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரே விதி: வண்டிக்குள் எதையும் எரிக்கக் கூடாது. கேஸ் அடுப்பு, கரி, கொசுவத்தி எதுவுமே. ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. குளிர்ந்தாலும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். கண்ணாடியில் மூச்சு நீராகக் கோத்து நோட்டை நனைப்பதும் குறையும்.

சமையல் வெளியே, சமதரையில், காய்ந்த புல் இல்லாத இடத்தில். உண்மையைச் சொன்னால் முதல் பயணத்தில் சமைக்கவே வேண்டாம். மலையில் கிடைக்கும் ஹோட்டலில் சாப்பிடுங்கள். வரும்போது சாமை அரிசியும் தேனும் வாங்குங்கள். மிச்சச் சாப்பாட்டை வெளியே வைத்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் வரும், சில இடங்களில் கரடியும் வரும். கழிப்பறைக்கு நிலத்துக்காரர் வீட்டில் கேளுங்கள். வழியே இல்லை என்றால் ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மூடிவிட்டு வாருங்கள். டார்ச் இல்லாமல் இரவில் காலைக் கீழே வைக்காதீர்கள். செருப்பைப் போடுமுன் உதறுங்கள். பாம்பு கடித்தால் கட்டும் வெட்டும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, ஆளை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

படுக்கும் முன் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். சிவப்பு வெளிச்சத்தில் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது, நோட்டிலும் எழுதலாம். இந்த மலையின் வானம் நல்ல இருட்டு என்பதால்தான் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்தார்கள், அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து இயங்குகிறது. தை மாத முன்னிரவில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சியில் இருக்கும். அறுமீன் என்று பெயர். ஆறு தெரிகிறதா, கூடவா, குறைவா என்று எண்ணிப் புள்ளி வையுங்கள். தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் எண்ணியதையும் அதற்கு அருகிலேயே எழுதினால் அதுவே ஒரு நல்ல பக்கம்.

காலை ஆறு மணி: ஓரிடத்தில் உட்காருங்கள்

இனிமேல்தான் நாம் வந்த வேலை. நடக்காதீர்கள். வேனிலிருந்து ஐம்பது அடிக்குள் ஓரிடம் பார்த்து, பாறையிலோ மடக்கு நாற்காலியிலோ அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. நாம் வந்து உட்கார்ந்ததில் எல்லாம் ஒளிந்திருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்தின் தலைப்பை எழுதிவிடலாம்: தேதி, நேரம், இடம், காற்று, குளிர், வானத்தை எட்டுப் பங்காக்கினால் எத்தனை பங்கு மேகம். அடுத்தது ஒலி வரைபடம். பக்கத்தின் நடுவில் ஒரு பெருக்கல் குறி, அது நீங்கள். எந்தத் திசையில் என்ன சத்தம், பக்கத்திலா தூரத்திலா என்று குறித்துக்கொண்டே போங்கள். பெயர் தெரியாவிட்டால் சத்தத்தை அப்படியே எழுத்தில் எழுதுங்கள். ‘டுக்-டுக்-டுக்’ என்று தட்டுவது போல விடாமல் ஒலித்தால் அது செம்மார்புக் குக்குறுவானாக இருக்கலாம். விடியலிலும் அந்தியிலும் கிட்டத்தட்ட ஆறு மணிக்கு இரட்டை விசிலாகக் கேட்பது ஆறுமணிக்குருவி; குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் விருந்தாளி. பார்ப்பது கஷ்டம், கேட்பது எளிது.

சத்தம் முடிந்ததும் கைக்கு எட்டும் தூரத்தில் கீழே விழுந்து கிடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பறிக்க வேண்டாம். ஒரு பக்கம் இப்படி வரலாம்:

‘தை, சனிக்கிழமை, காலை 6.40. மேகம் 2/8. காற்று இல்லை. விழுந்த காய் ஒன்று, வட்டம், மூன்று விரற்கடை அகலம். நடுவில் கெட்டியான விதை மேடு, சுற்றிலும் காகிதம் போல் இறக்கை. நரம்புகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகின்றன. ஓரம் ஒரு இடத்தில் கடிபட்டிருக்கிறது. மூன்று தடவை மேலேயிருந்து போட்டேன், மூன்று தடவையும் சுழன்று விழுந்தது. கேள்வி: மரத்திலிருந்து எவ்வளவு தூரம் போகும்? பாட்டி ஒருவர் வேங்கை என்றார். பட்டையில் கீறல், சிவப்பாகப் பிசின் வடிந்து காய்ந்திருக்கிறது.’

இதில் படம் என்பது காயைப் பக்கத்தில் வைத்துச் சுற்றிப் போட்ட பென்சில் கோடு மட்டுமே. வரையத் தெரியாது என்று சொல்கிறவர்களும் இதைச் செய்யலாம். பார்த்தது, அளந்தது, சோதித்தது, ஒரு கேள்வி, யாரோ சொன்ன பெயர். இவ்வளவும் ஒரு காயில் வந்துவிட்டது. பெயரை முதலில் தேடினால் பார்ப்பது நின்றுவிடுகிறது என்பது என் அனுபவம். ஆகவே அடையாளம் காட்டும் செயலிகளை மலையில் திறக்காமலே இருக்கலாம். சிக்னலும் பல இடத்தில் கிடைக்காது.

பெயருக்கு மலைக்காரர்களைக் கேளுங்கள். இங்கே தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். கடுக்காய், தான்றி, நெல்லி எது எங்கே காய்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் செயலிக்கும் தெரியாது. சொன்ன பெயரை அவர்கள் உச்சரித்தபடியே எழுதுங்கள், யார் சொன்னது, எந்த ஊர் என்றும் எழுதுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். சந்தன மரம் கண்ணில் பட்டால் மரத்தை வரையலாம். இடத்தை மட்டும் நோட்டிலும் எழுத வேண்டாம், போட்டோவோடு இணையத்திலும் ஏற்ற வேண்டாம். கூடு கட்டியிருக்கும் பறவைக்கும் அதே விதி.

மாலையில் அதே இடத்துக்கு வந்து அதே ஒலி வரைபடத்தை இன்னொரு முறை போடுங்கள். மறுநாள் காலையும் அங்கேயே. பீமன் அருவி, படகுத்துறை, கோயில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பவர்களுக்கு இந்த முறை சரிப்படாது, அவர்கள் காரிலேயே போய் வரலாம். இரண்டு இரவு ஒரே இடம் என்றால்தான் முதல் நாள் புரியாத சத்தம் இரண்டாம் நாள் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று தெரியும்.

ஊர் திரும்பியதும்

குப்பை முழுவதையும் மூட்டையாகக் கட்டி ஊருக்கே கொண்டு வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தட்டுகளுக்கும் 2019 ஜனவரியிலிருந்தே மாநிலம் முழுக்கத் தடை இருக்கிறது, மலையில் அதை அள்ள ஆளும் கிடையாது. நோட்டை மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவைத்த பிறகு அலமாரியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் நம் ஊர்க் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். பெயர் தெரியாத பக்கங்களுக்கு இப்போது ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற செயலிகள் உதவும். கண்டுபிடித்ததை வேறு நிறப் பேனாவில் எழுதினால் அங்கே பார்த்தது எது, இங்கே சேர்த்தது எது என்று பின்னால் குழம்பாது.

உடுத்திய துணியையும் விரிப்பையும் அன்றே வெந்நீரில் துவையுங்கள். புல்லில் உட்கார்ந்தவர்கள் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தாலோ, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுப்பு வடு தெரிந்தாலோ, மருத்துவரிடம் ‘காட்டுப்பக்கம் போய் வந்தேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும். சென்னை மருத்துவருக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும், அதனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.